கோமு முகத்தில் விழித்தவர்கள்

தச்சநல்லூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த காபிக்கடையில் கோமு முதன்முதலாகக் கல்லாவுக்கு வந்து நின்றது ஓர் ஆடி முதல் தேதி. நல்ல காரியம் எதையும் தொடங்கக்கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்த மாதம். ஊர் ஒதுக்கி வைத்த மாதத்துக்கும் ஊர் ஒதுக்கி வைத்த பொம்பளைக்கும் பொருத்தம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

கடை அவள் கணவர் தாணுமாலையன் தொடங்கியது. ஒரு காலத்தில் வயலும் வண்டியுமாக வாழ்ந்து, பிறகு பேச்சில் மட்டும் வயலை வைத்துக்கொண்டிருந்த சைவக் குடும்பம். பலகைத் தடுப்புக்கு உள்ளே கோமு டிகாஷன் இறக்குவாள், உளுந்தவடை சுடுவாள். வெளியே அவர் ஆற்றிக் கொடுப்பார். தொண்ணூற்றொன்றில் நெஞ்சுவலி வந்து அவர் போய்ச் சேர்ந்தார். அவர் தம்பி சிவகணேஷ் கல்லாவில் உட்கார்ந்தான். உரிமமும் அவன் பேருக்கு மாறியது.

சிவகணேஷைப் பொறுத்தவரை, பழுப்பாகவும் சூடாகவும் இருந்தால் அது காபி. கோமு கறுகறுவென்று இறக்கிக் கொடுத்த டிகாஷனில் அவன் வெந்நீரை விட்டு விட்டு, ஒரு பேருக்குப் போதுமானதை மூன்று பேருக்கு ஓட்டினான். இரண்டே வருடத்தில் கடை ஈ ஓட்டியது. பாளையங்கோட்டைக்கு ஆபீஸ் போகிற குமாஸ்தாக்கள்கூட எதிர்த்த கடைக்கு மாறினார்கள். தடுப்புக்குப் பின்னால் நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கோமு ஒரு நாள் சொல்லிவிட்டாள்.

"தம்பி, இனிமே முன்னால நான் நிக்கேன்."

"மதினி, விடியக்காலம் இங்கன வாறவன் பூராம் ஏவாரத்துக்குப் போறவன். உங்க மொகத்துல முழிச்சிட்டுப் போவானா?"

"நாம மொகத்தையா விக்கோம்? காபியத்தானே விக்கோம்."

சிவகணேஷ் யோசித்தான். "சரி, தீவாளி வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள கடை தேறலேன்னா நீங்க உள்ள, நான் இங்கன. அப்புறம் பேச்சு கெடையாது."

"ஆவட்டும்" என்றாள் கோமு.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் அரிசி மொத்த வியாபாரி காந்திமதிநாதன். கல்லாவில் கோமுவைக் கண்டதும் மொபெட்டை நிறுத்தாமலே ஒரு வட்டமடித்துத் திருப்பினார். வீட்டுக்குப் போய்க் கால் கழுவி, சாமி படத்தைக் கும்பிட்டு, மறுபடி புறப்பட்டதாகக் கேள்வி. மறுநாள் கடைப்பையன் கையில் பிளாஸ்க் வந்தது.

"அண்ணாச்சிக்கு ரெண்டு காபி ஊத்திக் குடுப்பியளாம்."

கோமு முகம் கோணாமல் ஊற்றினாள். "கொண்டுபோ. மொகத்தை வடிகட்டிட்டுத்தான் ஊத்தியிருக்குன்னு சொல்லு."

இப்படியும் ஒருவர் இருந்தார்: காபியையும் விட முடியாது, சகுனத்தையும் விட முடியாது. கோமுவின் தலைக்கு மேல் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தையே பார்த்துக்கொண்டு வருவார், பிள்ளையாரிடமே காபி கேட்பார், பிள்ளையாரிடமே காசை நீட்டுவார். ஒருநாள் அதே பார்வையோடு டம்ளருக்குக் கையை நீட்டி, கொதிக்கிற பால் சட்டியைத் தொட்டுவிட்டார். விரலை உதறிக்கொண்டு குதித்தவரைப் பார்த்துக் குமாஸ்தா சாலமோன், "பிள்ளையாரு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் வே!" என்றார். கடை சிரித்தது.

சாலமோன்தான் முதலில் திரும்பி வந்தவர். ஒரு வாய் குடித்தார், டம்ளரை இறக்கி அதைப் பார்த்தார், முழுவதையும் குடித்தார். மறுநாள் ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேரை இழுத்து வந்தார். பஸ் டிரைவர்கள் வந்தார்கள். ஆனாலும் விடியற்காலை வியாபாரம்தான் கடைக்கு உயிர், அது மட்டும் படுத்தே கிடந்தது. மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் தெருவின் அந்த ஓரமாகவே போனார்கள். புரட்டாசி பிறந்தது. சிவகணேஷ் தினமும் ஒருதரம் வந்து காலி பெஞ்சைப் பார்த்துவிட்டு, தீபாவளித் துணி எப்போது எடுப்பது என்று மட்டும் கேட்டுப் போவான்.

அப்போதுதான் முப்பிடாதிக்கு லாட்டரி விழுந்தது.

மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன் முப்பிடாதி. சகுனம் பார்க்க வசதி இல்லாதவன். எங்கே சீக்கிரம் காபி கிடைக்குமோ அங்கே குடிப்பான். பத்தாயிரம் ரூபாய் விழுந்ததும் மார்க்கெட் நடுவில் நின்று கத்தினான்: "இன்னைக்குக் கோமக்கா மொகத்துலலா முழிச்சேன்!"

மறுநாள் விடியுமுன் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். வரிசையில் முதல் ஆள் காந்திமதிநாதன். இந்த முறை பிளாஸ்க் இல்லை. சட்டைப்பையில் லாட்டரிச் சீட்டுகள்.

"யம்மா, இதக் கொஞ்சம் கையால தொட்டுக் குடு."

கோமுவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "எண்ணெக் கை அண்ணாச்சி, சீட்டு அழுக்காயிரும்" என்று சொல்லிக் காபியை நீட்டினாள். அவர் காபியைக் குடிக்கவில்லை. அவள் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு, டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். காசு விழுந்தது. காபி ஆறிக் கிடந்தது.

ஒரே வாரத்தில் சிவகணேஷ் புது ஆளாகிவிட்டான். பெயர்ப்பலகை எழுதக் கொடுத்தான்: 'அதிர்ஷ்டம் கோமு காபிக் கடை'. பக்கத்திலேயே லாட்டரிச் சீட்டு விற்க ஒரு மேசை போட்டான். பிறகு மெதுவாகக் கல்லாவுக்கு வந்தான்.

"மதினி, நான் தெரியாமப் பேசிட்டேன். சாகுத வரைக்கும் முன்னால நீங்கதான். நீங்க அடுப்புல நின்னு வேகாண்டாம். நல்ல சேல கெட்டி, நாற்காலி போட்டுச் சும்மா உக்காந்திருந்தாப் போதும். காபிய நான் போடுதேன்."

கோமு ஆற்றிக்கொண்டிருந்த காபியை நிறுத்தினாள். ஆடியில் இந்த முகம் ஆகாது, உள்ளேயே இரு என்றார்கள். இப்போது இந்த முகம் ஆகும் என்று நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்கள். இரண்டிலும் அவள் கை எங்கே? இருட்டில் எழுந்து உளுந்தாட்டுகிற கை, சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாஷனைப் பதம் பார்த்து எடுக்கிற கை, அதைப் பற்றி யாருக்குமே பேச்சில்லை. தள்ளி வைக்கிறவனும் தூக்கி வைக்கிறவனும் ஒரே ஆள்தான். அவனுக்குப் பொம்பளை மனுஷியாக மட்டும் இருந்துவிடக்கூடாது.

ஆனால் கல்லா நிலைத்துவிட்டதே? சும்மா இருந்தால் தீபாவளிக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு நாள் அவள் எப்போதும்போல உளுந்தாட்டினாள், காபி ஆற்றினாள்.

மூன்றாம் நாள் முப்பிடாதியின் மனைவி மாரித்தாய் கடைக்கு வந்தாள். காபி கேட்கவில்லை.

"யக்கா, விழுந்த ரூவா பூராத்துக்கும் மறுபடி சீட்டு வாங்கிட்டாரு. இப்ப என் கம்மலும் போச்சு. கேட்டா, 'கோமக்கா மொகம் இருக்கு, நீ ஏன்ட்டி பயப்படுத'ங்காரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க மொகத்துக்கு நீங்கதானே சொல்லணும்?"

கோமு அவளை பெஞ்சில் உட்காரவைத்து, சூடாக ஒரு காபியும் வடையும் கொடுத்தாள். "நாளைக்கு வெள்ளன வா. சொல்லுதேன்" என்றாள்.

மறுநாள் வரிசை பஸ் நிறுத்தம் வரைக்கும் நீண்டிருந்தது. கோமு காபி ஆற்றவில்லை. கரண்டியால் பாய்லரில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நேத்து என் மொகத்துல முழிச்சவங்க எல்லாம் கையைத் தூக்குங்க."

சந்தோஷமாகத் தூக்கினார்கள்.

"சீட்டு விழுந்தவங்க மட்டும் தூக்குனபடி இருங்க. மத்தவங்க எறக்குங்க."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக இறங்கியது முப்பிடாதியின் கை.

"இந்த மொகத்துல தெனம் மொதல்ல முழிக்கது யாரு தெரியுமா? நான்தான். கண்ணாடியில. இதுல அதிர்ஷ்டம் இருந்தா, நான் என்னத்துக்கு இருட்டோட எந்திரிச்சு உளுந்தாட்டுதேன்? இதுல தரித்திரம் இருந்தா, அன்னைக்கு முப்பிடாதிக்கு எப்படி விழுந்துச்சு?" அவள் காந்திமதிநாதன் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. என் வீட்டுக்காரரு செத்த அதே வருசந்தான் உங்க வீட்டு மதினியும் போனாவ. உங்க மொகத்தப் பாத்து யாராவது மொபெட்டத் திருப்புனாங்களா? உங்க கடையில அரிசி வாங்கமாட்டேன்னு எவனாவது சொன்னானா?"

காந்திமதிநாதன் தரையைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த சீட்டுகளைக் கையால் மூடிக்கொண்டார்.

"இனிமே சீட்டோட வாறவங்களுக்கு இங்கன காபி கெடையாது. காபி குடிக்கணுமா, வாங்க. முப்பிடாதி, மூட்டை தூக்குன ரூவாய மாரித்தாய்ட்ட குடு. இல்ல, நாளைக்கு உனக்கும் காபி இல்ல."

வரிசை கலைந்தது. "சவம், நல்லா வந்த சீதேவிய வெரட்டுதா பாரு" என்று ஒரு குரல் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது. முப்பிடாதி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தான். சிவகணேஷ் மேசையை மடக்கினான். "தீவாளி எப்பம்னு தெரியும்லா மதினி?" என்றான். "தெரியும்" என்றாள் கோமு. புதுப் பலகையின் எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதை மாவரைக்கும் இடத்தில் மழை ஒழுகுகிற ஓரத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.

விடியற்காலைக் கூட்டம் திரும்ப வர நாளாயிற்று. ஆனால் இந்த முறை வந்தது வேறு கூட்டம். ஓசியில் அதிர்ஷ்டம் தேடி வந்து, ஆறிப்போகுமுன் ஒரு வாய் குடித்துப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பலர் இருந்தார்கள். சகுனத்தைவிட நாக்குக்கு ஞாபகசக்தி அதிகம். முதலில் ஒருவர், பிறகு இருவர், பிறகு லோடு லாரிக்காரர்கள். காந்திமதிநாதன் வெயில் ஏறிய பிறகு வந்தார், நின்று குடித்தார், டம்ளரைக் காலி செய்தார். ஐப்பசி பிறந்ததும் பஸ்ஸுக்கு முந்தியே வரத் தொடங்கினார்.

தீபாவளிக்கு முந்திய நாள் காலை சிவகணேஷ் வெள்ளை வேட்டியோடு வந்தான். பெஞ்சில் இடமில்லை. வாசலில் நின்றவர்களை விலக்கி உள்ளே வந்து, பழக்க தோஷத்தில் டிகாஷன் பாத்திரத்தை எடுத்து, பக்கத்திலிருந்த வெந்நீர்ச் செம்பைப் பார்த்தான்.

"ஏய், ஏய்! அதைக் கீழ வையும் வே!" சாலமோன் எழுந்தே விட்டார். "நீரு காபியத் தொட்டீரு, நாங்க எதிர்த்த கடைக்குப் போயிருவோம்."

"ஆமா அண்ணாச்சி, அக்காவே போடட்டும்" என்றான் முப்பிடாதி.

சிவகணேஷ் கோமுவைப் பார்த்தான். அவள் அவன் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். கோபமும் இல்லை, ஜெயித்துவிட்ட கெலிப்பும் இல்லை.

"தம்பி, வடை ரெண்டு தட்டு அந்தக் கடைசி பெஞ்சுக்குப் போகணும். சட்னி நெறைய வையி."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டை எடுத்தான். கோமு அடுத்த டம்ளருக்குப் பாலை ஊற்றினாள்.