மூன்றாம் கியர் விழாத கார்

சர்க்கரைப் புண்ணால் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டபோது வடிவேலுக்கு ஐம்பது வயது. அதுவரை தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டியவர். கிளட்ச் மிதிக்கக் கால் இல்லாதவருக்கு அங்கே என்ன வேலை? எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். போகிற வருகிறவர்களெல்லாம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டுக் கேட்டே மனுஷன் பாதி செத்துப்போனார்.

மீதிப் பாதியைப் பிழைக்க வைத்தது ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார். கிளட்ச் கிடையாது, ஒற்றைக் கால் போதும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எஸ்டேட்டில் யாருக்கு வயிற்று வலி வந்தாலும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது வடிவேல்தான். மறுபடியும் எல்லோரும் "டிரைவர்" என்று கூப்பிட்டார்கள். காரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்.

இப்போது அது மூன்றாம் கியருக்குப் போக மாட்டேன் என்கிறது. இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறுவதில்லை. லெவரை ஓட்டும் நிலையான 'டி'யில் தள்ளினால் சற்று யோசித்துவிட்டு, முதுகில் உதைத்த மாதிரி குதிக்கிறது. ஏதாவது சென்சார் கோளாறாக இருக்கும் என்று மனைவி தெய்வம்மாவுக்குச் சொல்லி, தானும் நம்பிக்கொண்டு, குன்னூரில் மெக்கானிக் ஜெஃப்ரியிடம் கொண்டுவந்தார். தெய்வம்மாவும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள்.

ஜெஃப்ரி கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான். சென்சார்கள் சரியாக இருந்தன. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கியர் ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்தான். சிவப்பாக இருக்கவேண்டிய ஆயில் டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது, கருகல் நாற்றம் வேறு. லாரி ஓட்டியவருக்கு அந்த நாற்றம் தெரியாதா? வடிவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே இருந்த காந்தத்தில் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகள் அப்பிக் கிடந்தது.

மலை இறங்கும்போது எப்படி ஓட்டுவீர்கள் என்று ஜெஃப்ரி கேட்டான். வடிவேல் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"நேர் எறக்கத்துல நியூட்ரல்ல விட்டுருவேன் தம்பி. ஏத்தத்துல பாவம் இழுக்குது, எறங்கும்போதாவது வண்டிக்கு ரெஸ்ட் கெடைக்கட்டும்னு. வளைவு வந்தா மறுபடி டி-ல தள்ளிக்குவேன்."

எப்படிச் சொல்வதென்று ஜெஃப்ரி தவித்தான். லாரியிலும் அது ஆபத்தான பழக்கம்தான், ஆனால் கியர்பாக்ஸ் தாங்கிக்கொள்ளும். இந்த ஆட்டோமேட்டிக்கில், ஓடுகிற ஓட்டத்தில் 'டி'க்குத் தள்ளும் ஒவ்வொரு முறையும் உள்ளே கிளட்ச் தட்டுகள் உரசிக் கருகும் என்று மெதுவாக விளக்கினான்.

"அப்ப உள்ள கிளட்ச் இருக்குதா?"

"இருக்குதுங்கண்ணா. காலுக்குத்தான் இல்ல."

ஆயில் மாற்றினால் தேறுமா என்று கேட்டார். தேறாது என்றான். வேறு கியர்பாக்ஸ்? அந்த மாடலே நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. எங்காவது பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போட்டாலும் இந்த மலையில் எத்தனை நாள் உழைக்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றான். வடிவேல் காரை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

வேறு யாராவது கெடுத்திருந்தால் வாய் நிறையத் திட்டித் தீர்த்திருப்பார். பிரியமாக ஓட்டியே கொன்றதற்கு யாரைத் திட்டுவது?

பஸ் ஸ்டாண்டில் தெய்வம்மா டீ வாங்கிக் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் தோளைத் தொட்டாள்.

"போனாப் போகுது விடுங்க. நான்தான் வேலைக்குப் போறேன்ல? இனி நீங்க எங்கயும் அலைய வேண்டாம். நிம்மதியா வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். வடிவேல் சரி என்று தலையாட்டினார்.