வைட்டமின் பாட்டிலில் வந்த மாத்திரை

எங்கள் வோன்ஜு நகரத் தொடக்கப்பள்ளியின் சுகாதார ஆசிரியை தோ மிரானுக்கு வாயில் நல்ல வார்த்தையே வராது என்று பெற்றோர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். வார்த்தை வருவதே பெரிது என்பேன் நான். அவருடைய அறையில் இவர்கள் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்க்க வேண்டும். பைக்குள் சிரப் கொட்டி, கணக்குப் புத்தகம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்ட பிள்ளை ஒன்று வரும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுத்துப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, மருந்தின் வேகம் தணிவதற்குள் போனை அணைத்துவிடும் அப்பா ஒருவர் இருப்பார். பிள்ளை உயரமாக வளர வாங்கிய மூலிகைக் கஷாயப் பாக்கெட்டை, சூடுபண்ணிக் கொடுத்துவிடுங்கள் என்று அனுப்பும் அம்மாக்களுக்கோ கணக்கே இல்லை.

"நான் என்ன இங்க ஓட்டலா நடத்துறேன்?" என்று மிரான் கத்துவார். கத்திக்கொண்டே பாக்கெட்டை வெந்நீரில் போடுவார்.

முன்பு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸாக இருந்தவர். இரவுப் பணி உடம்புக்கு ஒத்துவராமல், தேர்வு எழுதிப் பள்ளிக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்று அவருக்கு யாரோ சொன்னார்களாம். அந்த ஆள் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. போன மே மாதம் ஒருநாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் என் வகுப்பு யூசான் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். கட்டிப்போட்டாலும் ஓரிடத்தில் நிற்காத பயல் அவன். தோளை உலுக்கியும் கண் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு மிரானின் அறைக்கு ஓடினேன். அவன் பக்கத்து இருக்கைக்காரி யேவானும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

மிரான் அவன் மூச்சையும் நாடியையும் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

"என்னடி சாப்பிட்டான் இவன்?"

"வைட்டமின், டீச்சர். என்னோடதுதான். நான் மட்டும் தனியா தின்னா தப்பில்ல?"

தப்புதான். எங்கள் ஊரில் தின்ன எதையாவது வெளியே எடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டாமல் வாயில் போடக் கூடாது. அப்படிப் போடுகிற பிள்ளையை மற்ற பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். யேவான் கரடிப் படம் போட்ட பாட்டிலை நீட்டினாள். மிரான் ஒரு மாத்திரையைக் கையில் கொட்டி, அதில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"வலிப்புக்குக் குடுக்குற மாத்திரை இது" என்றார் என் காதருகில். பிறகு யேவானிடம், "எத்தன குடுத்த?"

"ரெண்டு கேட்டான். குடுத்தேன்."

"நீ சாப்பிட்டியா?"

"இல்ல. பாட்டில்ல எண்ணிக்கை குறைஞ்சா அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. அதான் இன்னைக்கு என்னோடத நான் சாப்பிடல. நாளைக்கும் சாப்பிட மாட்டேன்."

"என் தலையெழுத்து!" என்று மிரான் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

யூசானுடன் மாத்திரை ஒன்றையும் ஆம்புலன்ஸில் அனுப்பினோம். தூக்கம்தான், பயமில்லை என்று சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. யேவானின் அம்மாவுக்குப் போன் செய்து, அவளுடைய டாக்டரையும் கேட்டு, விட்டுப்போன மாத்திரையை மிரானே அவளுக்குக் கொடுத்துக் கட்டிலில் படுக்க வைத்தார். அதற்குள் அவள் அம்மா பேக்கரி வேலையை அப்படியே போட்டுவிட்டு, கையெல்லாம் மாவோடு வந்துவிட்டார்.

"யூசான் அம்மாகிட்ட வைட்டமின்னே சொல்லிடுங்க டீச்சர். உங்க கால்ல விழறேன்."

"டாக்டருக்கு மாத்திரையவே அனுப்பியாச்சு. யேவான் அம்மா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க, உங்களுக்குப் புத்தி இருக்கா? பெத்த பொண்ணுகிட்டயே வைட்டமின்னு சொல்லி வெச்சிருக்கீங்க!"

"விஷயம் அம்மாமாரோட போன் குழுவுல போயிடும். அப்புறம் யாரு இவ பக்கத்துல உக்காருவாங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க கொஞ்சம் வெளிய..."

"டீச்சர், நீங்க நகராதீங்க" என்று மிரான் சீறினார். "நாளைக்கு இவ விழுந்தா உங்க வகுப்புலதான் விழுவா. தலை அடிபடாம பிடிக்கப்போறது நீங்கதான். உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியணும்?"

யேவானின் அம்மா கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தபடி சொன்னார்.

"எனக்கும் இருக்கு. நான் படிக்கும்போது வகுப்புலயே விழுந்தேன். அன்னையிலேருந்து ஆறாவது முடியறவரைக்கும் என் பக்கத்து நாற்காலி காலி. சாப்பாட்டுக்குக்கூட யாரும் கூப்பிடல."

அதற்கு மிரான் கேட்டது எனக்குத் தோன்றியே இருக்காது.

"நீங்க மத்தியான மாத்திரைய போட்டீங்களா?"

"இல்ல. வேலை செய்ற எடத்துல போடமாட்டேன். யாராவது பாத்துட்டா?"

"அப்ப சூடான அடுப்புக்கு முன்னாடி நாள் பூரா இப்படியே நிக்கிறீங்க!" மிரான் கோப்பையில் தண்ணீர் ஊற்றி மேசையில் டக்கென்று வைத்தார். "எடுங்க."

யேவானின் அம்மா கைப்பையைத் திறந்தார். எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பப்போனவர், பாதியில் நின்று, எங்களைப் பார்த்தபடியே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.