குக்கர் அடங்கும் வரை

எனக்குச் சுகர் பார்டரில் இருக்கிறதாம். "மொதல்ல காய்கறி சாப்பிடுங்க, சோறு அப்புறம்" என்றார் டாக்டர். இன்று பொரியல் கிண்ணத்தோடு உட்கார்ந்தபோது அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. சின்ன வயதில் இருந்த மந்தைவெளி வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அம்மா வேலைக்குப் போனதால் சமையல் அப்பாவுடையது. காயை வதக்கி இறக்கிய பிறகுதான் அரிசி வைக்கவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வரும். "குக்கர் அடங்கட்டும், அதுவரைக்கும் இத தின்னுங்க" என்று தேங்காய் மணக்கும் பீன்ஸ் பொரியலைக் கிண்ணத்தில் கொடுப்பார். சோறு வருவதற்குள் எங்களுக்குப் பாதிப் பசி அடங்கியிருக்கும். அம்மா தினமும் திட்டுவாள்.

அம்மாவுக்குப் போன் செய்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"இத உங்கப்பா காதுல போட்டுடாத. இன்னிக்கும் மணி ரெண்டாவுது, அரிசி இன்னும் களையவே இல்ல."