கடைசி வரி வரை வாசித்த டெரன்ஸ் அண்ணன்

குருக்கள்மடத்திலிருந்து நம் ஜெயந்தி அழைத்தாள். "அக்கா, டெரன்ஸ் அண்ணன் மோசம் போயிட்டார்" என்று அவர் இறந்த செய்தியைச் சொல்லி அழுதாள். சற்று நேரத்தில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அவரை நினைத்தால் அப்படித்தான் ஆகும். அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியாததா?

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு நகரத்தில் திறந்த விசாரணை நிலையத்தில்தான் நாம் ஒன்றுசேர்ந்தோம். காணாமல் போனவர்களைப் பற்றி வெளிநாட்டு உறவினர்களின் மின்னஞ்சல்கள் குவிந்தன. அவற்றைத் தானாகவே இறக்கிச் சேமித்து, யாராவது தொலைபேசியில் ஊரையும் பெயரையும் சொன்னதும் நம் திரையில் காட்டும் கணினி நிரலை, அந்த ஸ்கிரிப்டை, எழுதியவர் அண்ணன். போர்த்துக்கேய வழிவந்த பறங்கித் தச்சர் வீட்டுப் பிள்ளை. கணினி முன்னாலும் காதில் பென்சில் செருகியிருப்பார். இணைய இணைப்பு படுமந்தம் என்பதால், ஒவ்வொரு மின்னஞ்சலிலும் முதல் சில வரிகளை மட்டும் எடுக்க வைத்தார். "விசயம் மேலதானே கிடக்கும்" என்றார்.

கல்குடா மலர் தினமும் அழைப்பாள். அலையில் போன கணவன் சிவத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் பெயரைத் தேடினால், ஜெர்மனியிலிருந்து அவளுடைய அண்ணன் நிலையத்துக்கு எழுதிய மின்னஞ்சல் இருந்தது. மதிப்புக்குரிய ஐயாவுக்கு வணக்கம், தாங்கள் சுகமா, நாங்கள் இன்ன குடி, இன்ன கோயில், அப்பாவின் வயல் உன்னிச்சைப் பக்கம். திரையில் இருந்தது அவ்வளவுதான். ஒருநாள் அவள் பொறுமை இழந்தாள்.

"நம்மட அண்ணன் விசயமில்லாம எழுத மாட்டார்கா. கடைசியில என்ன எழுதிக் கிடக்கு?"

கேட்டுக்கொண்டிருந்த டெரன்ஸ் அண்ணன் பென்சிலால் தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். "நானும் மட்டக்களப்பான்தானே! நம்மட ஆக்கள் எப்ப எடுத்த எடுப்பில விசயத்தச் சொன்ன?"

மூல மின்னஞ்சலை மறுபடி இறக்கினார். நாங்கள் பின்னால் வந்து நின்றோம். சுகம் விசாரிப்பு முடிந்தது, கோயில் முடிந்தது, வயலும் முடிந்தது. ஆகக் கடைசியில் வந்தது: மச்சான் சிவம் பொலனறுவை ஆஸ்பத்திரியில் கால் முறிந்து இருக்கிறார்; என் இலக்கம் மட்டும் நினைவிருந்ததால் டாக்டரின் போனில் பேசினார்.

மலரிடம் டெரன்ஸ் அண்ணனே சொன்னார். அவள் அழுது முடித்து போனை வைத்ததும், மேசைகளுக்கு நடுவே பைலா ஆடத் தொடங்கிவிட்டார். எங்களையும் விடவில்லை. பிறகு எல்லா மின்னஞ்சல்களையும் முழுதாக எடுக்க உட்கார்ந்தார். "இனி மறுகா ஒரு சொல்லும் வெட்டப்படாது" என்றார்.

போர் முடிந்த வருடம், அதில் காணாமல் போனவர்களுக்காக அதே ஸ்கிரிப்ட் மறுபடி ஓடியது. பதில் கிடைக்காத கேள்விகளே அதிகம். கணினியில் இடமில்லை, பழையவற்றை அழியுங்கள் என்று மேலிடம் சொன்னபோதுதான் அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்தேன். "ஆள் கிடைக்காட்டியும் அவங்க எழுதினது இருக்கட்டும்." அழிக்கவில்லை.

நேற்று அண்ணனை அடக்கம் செய்த சேமக்காலையில் சிவம் என்னிடம் வந்தார், பக்கத்தில் மலர். மழை, வேளாண்மை, மூத்த மகளின் கல்யாணப் பேச்சு என்று சொல்லிக்கொண்டே போனார். பின்னால் நின்றவர்கள் நெளிந்தார்கள். நான் குறுக்கிடவில்லை. யார் பேசினாலும் முடியும்வரை கேட்பது, அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து. ஆகக் கடைசியில் அவர் என் கையைப் பிடித்தார்.

"டெரன்ஸ் அண்ணன் முழுக்க வாசிச்சிருக்காட்டி, மலர் அப்பவே பொட்ட அழிச்சிருப்பா தங்கச்சி."