பாய்மர தோசையும் பின்னால் இருந்த அட்டையும்

என் அக்காள் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் ஒரு கலைஞர். நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். சிவகாசியில் ஓர் ஆப்செட் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக டிசைனர். நீங்கள் தீபாவளிக்கு வெடி வாங்குகிறவர் என்றால் அவரைப் பார்த்திருக்காவிட்டாலும் அவர் செய்த புலியைப் பார்த்திருப்பீர்கள். தரைச்சக்கரப் பெட்டியின் மேல் வாயைப் பிளந்துகொண்டு பாயுமே, அதுதான். உள்ளே இருக்கிற சக்கரத்துக்கும் இந்தப் புலிக்கும் என்ன சம்பந்தம் அத்தான் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏலே மாப்ளே, வெடிச்ச பெறகு எவன்லே பெட்டியப் பாக்கான்?" என்றார்.

நான் சூலக்கரையில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். எங்கள் தொழிலில் உள்ளே எது போகிறதோ அதுதான் வெளியே வரும், அதுவும் கொஞ்சம் மங்கலாக. அதனால் அத்தானுக்கு என்மேல் எப்போதுமே ஓர் இளக்காரம்.

அவருடைய கலை வெடிப்பெட்டியோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு வம்பும் இல்லை. ஒரே மகள் ஆர்த்தி. விருதுநகரில் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறாள். நல்ல கறுப்பு, என் அக்காள் முத்துமாரியைப் போல, என்னைப் போல. ஊசியைப் பார்த்து ஊரைக் கூட்டுகிற பிள்ளைகள்கூட அவள் சிரித்துப் பேசினால் கையை நீட்டிவிடும். அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் அத்தான் அவள் போட்டோவைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய், இரண்டு நாள் உட்கார்ந்து லைட்டிங்கைச் சரிசெய்தார். வெளியே வந்தது கோதுமை நிறத்தில், ஒடுங்கிய தாடையோடு, மூக்கோரத்து மச்சம் காணாமல் போன ஒரு பெண். ஆர்த்தி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா. யாருப்பா இது?" என்று கேட்டாள்.

அந்த யாரோ ஒருத்தியைப் பார்க்க நாலு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்தார்கள். வந்து ஆர்த்தியைப் பார்த்தார்கள். கேசரியைச் சாப்பிட்டார்கள். ஊருக்குப் போய்க் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். என்னதான் கலந்தார்களோ, நாலில் ஒருத்தரும் இன்றுவரை பேசி முடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வந்து கேசரிக் கிண்ணங்களைக் கழுவும். நாலாவது தடவை நேராகவே சொல்லிவிட்டேன்.

"அத்தான், மொதல்ல அந்தப் போட்டோவத் தூக்கி எறிங்க."

ஆனால் அத்தான் ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்திருந்தார். குற்றம் போட்டோவில் இல்லையாம். வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிற டியூப் லைட்டில்தானாம். அந்த வெளிச்சத்தில் மகாலட்சுமியே வந்து நின்றாலும் மாநிறமாகத்தான் தெரிவாளாம்.

ஐந்தாவது வரன் விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற குடும்பம். மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணன், படித்த பையன், குணத்தைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்து நாலு இடத்திலும் நல்ல வார்த்தை வந்தது. அக்காள் குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். ஆர்த்தி என்னிடம் தனியாக வந்து சொன்னாள்:

"மாமா, இந்த ஒரு தடவதான். இதுவும் போச்சுன்னா இனி எவுகளுக்கும் நான் கேசரி தூக்க மாட்டேன். அப்பாட்டயும் சொல்லிட்டேன்."

அது அத்தானுக்கு உறைத்துத்தான் இருந்தது. அவர் பயந்து போய்த்தான் அந்த முடிவை எடுத்தார். பெண் பார்க்கிறதை வீட்டில் வைக்க வேண்டாம், ஜாலித்தீவில் வைக்கலாம் என்றார்.

ஜாலித்தீவு ஆமத்தூர்ப் பக்கம் இருக்கிற பொழுதுபோக்குப் பூங்கா. தீவு என்றால் நாலு பக்கமும் கடல் இருக்க வேண்டும் என்று நினைப்பது நம்முடைய அறியாமை. இந்தத் தீவுக்கு நாலு பக்கமும் சீமைக்கருவேலம். நடுவில் கப்பல் வடிவத்தில் ஓர் உணவகம். வெடித் தொழிற்சாலை முதலாளி வெள்ளைத்துரை கட்டியது. வெடியில் எப்படியோ அப்படித்தான் அவருக்குச் சாப்பாட்டிலும். முதலில் லேபிள், சரக்கு பிறகு. சமையல்காரர் கிடைப்பதற்கு முன்பே மெனு கார்டு பத்தாயிரம் அடிக்க ஆர்டர் கொடுத்தார். வெடி விலைப்பட்டியல் மாதிரியே ஒரு தோசைக்குத் தங்க விலை போட்டு, பக்கத்தில் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று சிவப்பில் போடச் சொன்னார். ஊரே ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கேதான் கிடந்தது. கப்பல் முனையில் நின்று கையை விரித்து ரீல்ஸ் எடுக்காத ஆள் விருதுநகர் மாவட்டத்தில் நானும் என் ஜெராக்ஸ் மிஷினும்தான்.

அந்த மெனு கார்டைச் செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அத்தான்தான். மூன்று மாத வேலை. அதில் முக்கியமான சரக்கு பாய்மர தோசை. கப்பலின் பாயைப் போல நெட்டுக்குத்தலாக, நாலு அடி உயரத்துக்கு, நெய் மினுமினுக்க நிற்கிற தோசை. கம்பெனியில் வைத்துப் போட்டோ எடுத்த அன்று எந்தத் தோசையும் நிற்கவில்லை. அத்தான்தான் வெடிப்பெட்டி அட்டையை வெட்டி, பின்னால் கொடுத்து நிற்க வைத்தார். மினுமினுப்புக்குப் பிரஷ்ஷால் தேங்காய் எண்ணெய் தடவியவரும் அவரே. நடுப்பக்கத்தில் மஞ்சள் லாந்தர்கள் ஒளிர்கிற கப்பல் கூடம், அந்த மஞ்சள் மொத்தமும் அவர் கம்ப்யூட்டரில் ஊற்றியது.

"அந்த லாந்தர் வெளிச்சத்துல ஆர்த்தி தங்கமாட்டம் இருப்பா மாப்ளே," என்றார்.

"அந்த வெளிச்சத்தப் போட்டதே நீங்கதான அத்தான்?"

"நான் போட்டா என்னலே? லாந்தர் இருக்கத்தான செய்யுது. இல்லாததையா போட்டேன்?"

அவர் ஒருநாள்கூட அந்தக் கப்பலுக்குள் போனதில்லை. ஆனால் மூன்று மாதம் அந்தப் படத்தையே பார்த்துப் பார்த்து அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. தான் வரைந்த புலிக்குத் தானே பயந்த மனுசன் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் மூன்றேகாலிலிருந்து நாலேகால் வரை. எங்கள் சிவகாசிக் காலண்டரில் போட்டிருந்தது, சந்தேகப்பட முடியாது. மூன்று மணிக்கே இரண்டு வீட்டாரும் வந்து சேர்ந்துவிட்டோம். சாப்பிட மட்டும் வந்தாலும் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டுமாம். டிக்கெட் என்றால் சீட்டு இல்லை, மணிக்கட்டில் ஒட்டுகிற பச்சைப் பட்டை. மாப்பிள்ளையின் அம்மா லட்சுமிகாந்தம் அரக்குப் பட்டும் கை நிறைய வளையலுமாக வந்திருந்தார். வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடுகிற மாதிரி ஒட்டினார்கள்.

"இது குளிச்சா போயிருமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அத்தான் எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்தார்.

எங்கள் டோக்கன் அறுபத்து நாலு. ஓடிக்கொண்டிருந்தது முப்பத்தொன்று. வெயிலில் வரிசையில் நின்றோம். கப்பலைச் சுற்றிக் கட்டியிருந்த கடலில் தண்ணீரே இல்லை, அடியில் பதித்த நீல டைல்ஸும் ஒற்றைச் செருப்பும்தான் கிடந்தன. "கடல் எங்கேண்ணே?" என்று ஆர்த்தி காவலாளியிடம் கேட்டாள்.

"தண்ணி லாரி இன்னும் வரலம்மா," என்றார் அவர், ரொம்பச் சாதாரணமாக.

ஆர்த்தி வாய்விட்டுச் சிரித்தாள். நான் சட்டென்று போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். வேர்வை, கலைந்த முன்முடி, வாயைப் பொத்தப் போன கையில் பச்சைப் பட்டை. "அய்ய, மாமா, மேக்கப்பெல்லாம் ஒழுகிருச்சு, அழிங்க," என்றாள். நான் அழிக்கவில்லை.

கப்பலில் ஏறும்போது மணி நாலே முக்கால். ராகு காலம் பிறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. லட்சுமிகாந்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்காள் அவரைப் பார்த்தாள். அத்தான் யாரையும் பார்க்காமல் உள்ளே போனார்.

போனவர் அப்படியே நின்றுவிட்டார். லாந்தர்கள் இருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்றும் எரியவில்லை. அவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாக வெள்ளை டியூப் லைட்டுகள். முகத்தில் ஒரு பரு இருந்தால் அது முளைத்த தேதிகூடத் தெரியும், அப்படி ஒரு வெளிச்சம்.

"லாந்தரெல்லாம் ஃபியூஸ் சார். ரீல்ஸ் எடுக்க இதுதான் தெளிவா இருக்குன்னு மொதலாளி மாத்திட்டாக," என்றார் கேப்டன் தொப்பி போட்ட பரிமாறுகிறவர்.

சரி, தோசையாவது காப்பாற்றும் என்று அத்தான் நினைத்தார் போல. மெனு கார்டைத் தானே பிரித்து லட்சுமிகாந்தத்தின் முன்னால் வைத்தார். "பாய்மர தோசை சாப்பிடுங்க தங்கச்சி. இதுக்குன்னே மெட்ராஸ்ல இருந்தெல்லாம் வாராக." ஆளுக்கு ஒன்று சொன்னோம். அரை மணி நேரம் ஆனது. கேட்டதற்குக் கேப்டன், "தோசை லோடு இப்பத்தான் வந்துக்கிட்டிருக்கு சார்," என்றார்.

"லோடா?" என்றான் நவநீதகிருஷ்ணன். அதுவரை அவன் பேசிய ஒரே வார்த்தை அது.

விருதுநகரில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் சுட்டு, லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருகிறார்களாம். கப்பலில் அடுப்பே கிடையாதாம்.

தோசை வந்தது. நிற்கவில்லை. பாதியாக மடிந்து, வேர்த்து, சில்லென்று கிடந்தது. மேலே பல்குத்தும் குச்சியில் ஒரு காகிதக் கொடி. சட்னி பிளாஸ்டிக் பையில் முடிச்சோடு இருந்தது. லட்சுமிகாந்தம் அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்து, முடியாமல் கீழே வைத்தார். அத்தான் எழுந்துவிட்டார்.

"என்னலே இது? படத்துல ஒண்ணக் காட்டிட்டுக் கையில ஒண்ணக் குடுக்கீக? மனுசன நம்ப வச்சு இங்கன வரவழைச்சு, இப்படி ஏமாத்துனா என்னலே அர்த்தம்? வெக்கமா இல்ல?"

கப்பல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரெண்டு பேர் போனைத் தூக்கிவிட்டார்கள்.

"சார், சத்தம் போடாதீக. கீழ போட்டிருக்கு, பாருங்க," என்று கேப்டன் மெனு கார்டின் ஓரத்தில் விரலை வைத்தார்.

அத்தான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். எறும்பு அளவு எழுத்தில் இருந்தது: 'படங்கள் அடையாளத்துக்கு மட்டுமே.' வெடிப்பெட்டியில் போட்டுப் போட்டுப் பழகிய கையால் அவரே சேர்த்த வரிதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

லட்சுமிகாந்தம் கையில் போன் இருந்தது. போனில் அந்தப் போட்டோ. அதைப் பார்த்தார், அந்த வெளிச்சத்தில் ஆர்த்தியைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. நீங்க அனுப்புன போட்டோவுக்குக் கீழயும் இப்படி ஏதும் போட்டிருந்துச்சா? நாங்கதான் சரியாப் பாக்கலையோ?"

அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த மேசையைப் புரட்டிப்போட்டுவிட்டு ஓடலாம் போல இருந்தது. ஆர்த்திதான் பேசினாள்.

"போடல அத்தை. போட்டிருக்கணும். அந்தப் போட்டோல இருக்கிற பிள்ள யாருன்னு எனக்கும் தெரியாது. நான் இதுதான்."

"கறுப்பு ஒரு விசயமாம்மா? நான் மட்டும் என்ன செவப்பா?" என்றார் லட்சுமிகாந்தம். "மொதல்லயே இந்த மூஞ்சிய அனுப்பியிருந்தா..." அவர் மனசாரச் சொன்னாரா, மரியாதைக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். லட்சுமிகாந்தம் பச்சைப் பட்டையைப் பிய்க்கப் பார்த்தார், வரவில்லை. அதோடேயே போனார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மகளுடைய பழைய போட்டோவைத் தேடுகிறார் என்று புரிந்தது. பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம், கோயில் பங்குனிப் பொங்கலுக்கு எடுத்தது, காலேஜில் பட்டம் வாங்கியது, ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் கோதுமை நிறம். இத்தனை வருடமாக எல்லாப் படத்தையும் சரிசெய்து, அதன் மேலேயே சேமித்து வைத்திருக்கிறார். ஒரிஜினல் ஒன்றுகூட மிச்சமில்லை.

"மாப்ளே," என்றார். "ஒன் போன்ல ஆர்த்தி படம் ஏதும் இருக்கா? நான் தொடாதது?"

மத்தியானம் எடுத்ததைக் காட்டினேன். கையில் வாங்கினார். விரலால் பெரிதாக்கினார். முகம் முழுக்கத் திரையை அடைத்தது. மூக்கோரத்து மச்சத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, கேலியில்லை, கோபமில்லை, உள்ளபடியே தெரியாமல் கேட்டார்:

"இந்தப் பிள்ள எப்பலே இம்புட்டுக் கறுத்தா?"

பின்னால் ஆர்த்தி நின்றுகொண்டிருந்தாள்.

"பொறந்ததுல இருந்தே இப்படித்தான்ப்பா. நீங்கதான் பாக்கல."

அத்தான் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஆர்த்தி அவர் கையிலிருந்து போனை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். பருப்பு வியாபாரக் குடும்பம் இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறது.

ஜாலித்தீவில் இப்போதும் கூட்டம் குறையவில்லை. பாய்மர தோசை மெனு கார்டில் அட்டையின் தயவில் நிமிர்ந்துதான் நிற்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு மாற்றம். வரன் கேட்கிறவர்களுக்கு நான் எடுத்த அந்தப் படம்தான் போகிறது. அந்த ஒரு நிபந்தனையில்தான் ஆர்த்தி இன்னொரு தடவை கேசரி தூக்கச் சம்மதித்திருக்கிறாள். படத்தில் இருக்கிற அந்தப் பச்சைப் பட்டையை மட்டுமாவது எடுத்துவிடட்டுமா என்று அத்தான் ஒருநாள் கேட்டார். அவள் பார்த்த பார்வையில் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.