எட்டு நிமிடம் குறைந்த படம்

என் அம்மா ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர். அப்பா அங்கேயே படம் ஓட்டியவர். இருவரையும் சேர்த்து வைத்தது ஓர் எத்தனைப் பற்றிய படம். கப்பல் கேப்டன் என்று புளுகிக்கொண்டு பணக்காரப் பெண்ணின் வைர நெக்லஸை அடிக்க வருகிறவன், அவளிடமே மனதைப் பறிகொடுக்கிறான். நூற்றுப் பத்து நாள் ஓடியது. தியேட்டரை மூடியபோது அந்தப் பிரதியை அப்பா சிடியில் ஏற்றி வாங்கி வந்தார். பதினைந்து வருடமாக மாதம் ஒரு ஞாயிறு மதியம் வீட்டில் அதுதான் படம். வசனமெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

அம்மாவுக்குப் படத்தில் ஒரே குறை. "பெட்டியத் தூக்கிக்கிட்டு அவன்கூட ஸ்டேஷன்ல வந்து நிக்கிறாளே, ஒரு வார்த்தை விசாரிச்சாளா? சுத்த அசடு" என்று நாயகியை ஒவ்வொரு முறையும் திட்டுவார். சரியாக அப்போதுதான் அப்பாவுக்குத் தாகம் எடுக்கும்.

போன மாதம் சிடி மண்டையைப் போட்டது. நான் அதே படத்தை இணையத்தில் தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை டிவியில் போடுகிறேன் என்றேன். அப்பாவின் முகம் தொங்கிப்போனது. என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அதுல எட்டு நிமிஷம் கூட இருக்கும்மா. வேணாம்."

நான் விடுகிற ஆளா? குடைந்தெடுத்தேன். நாயகி துறைமுக அலுவலகத்துக்குப் போய், இப்படி ஒரு கேப்டன் உண்டா என்று விசாரிக்கிற காட்சியாம். இல்லை என்று கையை விரிக்கிறார்கள். அந்த நாளில் அப்பா, தன்னைப் படம் ஓட்டும் ஆபரேட்டர் என்று அம்மாவிடம் அளந்துவிட்டிருந்தார். உண்மையில் ரீல் சுற்றி ஒட்டுகிற கையாள். அம்மா அதைப் பார்த்தால் நேராக மேனேஜரிடம் போய்க் கேட்டுவிடுவார் என்ற பயத்தில், படம் வந்த இரண்டாம் நாளே அந்தக் காட்சியை வெட்டிவிட்டார். ஆபரேட்டர் ஆனதே கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து.

"முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் என்னப்பா பயம்?"

"பொய் சொன்னதுக்குக் கோவிச்சுக்கமாட்டா. முப்பது வருஷம் வாயத் திறக்கலையேன்னு கேட்டா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பதில் சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள் என்றேன். தலையாட்டினார். சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் படம் போட்டேன். நாயகி துறைமுக அலுவலகப் படியேறியதும் அப்பா தண்ணீருக்கு எழுந்தார்.

"உக்காருங்க" என்றார் அம்மா.

திரையில் நாயகி, அப்படி ஒரு கேப்டனே இல்லை என்ற பதிலைக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து ஒரு சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டியை அடுக்கினாள்.

அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். "அப்ப நான் ஆபரேட்டர் இல்ல."

"தெரியும். முதல் நாள் மேட்னி, கவுண்டர மூடிட்டு பின்னால நின்னு முழுசா பார்த்தேன். மறுநாள் அஞ்சு நாப்பதுக்கு விட வேண்டிய படம் அஞ்சு முப்பத்திரண்டுக்கே விட்டுச்சு. எது காணோம்னு பார்த்தேன். அப்புறம் போய் மேனேஜரைக் கேட்டேன்."

காட்சி முடிந்த நேரத்தை நோட்டில் எழுதுவது டிக்கெட் கொடுப்பவரின் வேலை. படத்தை வெட்டிய மகானுபாவர் அந்த நோட்டை மறந்துவிட்டார்.

"நோட்டுல என்ன எழுதினே?" என்று கேட்டார் அப்பா.

"அஞ்சு நாப்பதுன்னுதான். மிச்ச நூத்தி ஒம்பது நாளும் எட்டு நிமிஷம் கூட்டியே எழுதினேன். இல்லேன்னா உங்க சீட்டு கிழிஞ்சிருக்கும்."

"அப்ப அவள ஏன் அசடுன்னு திட்டினே?"

"அப்பவாவது வாயத் திறப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க தண்ணிதான் குடிச்சீங்க."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

"ஸ்டேஷன் வருது, பாருங்க. இன்னிக்கு அவளத் திட்டமாட்டேன்."