அவர்களுக்குச் சம்மதம் என்றால்

எங்கள் தெரு, கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் சின்னச் சந்து. வாசலை ஒட்டியே சாக்கடை ஓடுகிறது. பௌர்ணமிக் கூட்டத்துக்கு நாற்றம் தெரியக் கூடாதென்று முந்தின நாள் காலையில் ஒரு லாரி வந்து அதில் மருந்து அடிக்கும். அந்த வேலையை அரசாங்கம் ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறது. அடித்து முடித்தால் தெருவே தாழம்பூவாக மணக்கும். அண்ணாமலையாருக்கு ஆகாத பூ அது.

லாரி வந்து போன மறுநாள்தான் முதல் தடவை என் மனைவிக்கு மூச்சு இரைத்தது. அடுத்த பௌர்ணமிக்கும் அப்படியே. மாதம் தவறாமல் மலை சுற்றியவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து மாஸ்க் வழியாக மருந்துப் புகை இழுத்தாள்.

"அது என்ன கெமிக்கல்னு பேரு தெரிஞ்சா சரியா வைத்தியம் பாக்கலாம். கேட்டுட்டு வாங்க" என்றார் டாக்டர்.

லாரிக்காரரைக் கேட்டேன், தெரியாது என்றார். கம்பெனிக்கு போன் போட்டேன், எடுத்தவர் வைத்துவிட்டார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். நான் எட்டாவது வரை படித்தவன். பத்து ரூபாய் ஸ்டாம்பு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, நானே எழுதினேன். மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "கம்பெனியாரின் பிழைப்புக்குப் பங்கம் வராமல், அவர்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் தெரிவித்தால் போதும்."

ஏன் அப்படி எழுதினேன் என்றால், சந்நிதியில் எதைக் கேட்டாலும் "உனக்குச் சம்மதம்னா குடு" என்று முடிப்பது என் வழக்கம். இன்னொன்றும் உண்டு. நானும் வியாபாரிதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் சுக்குக் காபி விற்கிறேன். பொடியில் என்ன சேர்க்கிறேன் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் இன்று வரை சொன்னதில்லை. சொன்னால் அடுத்த மாதமே எனக்குப் பக்கத்தில் அதே ருசி வந்துவிடும். ஆனால் ஒரு தடவை, பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இதுல என்ன போட்டிருக்கீங்க? நான் குடிக்கலாமா?" என்று கேட்டாள். குனிந்து, ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். கம்பெனியும் அப்படிச் சொல்லிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் தரப்பினரான கம்பெனியார் சம்மதிக்கவில்லை, அது வணிக ரகசியம், எனவே தர இயலாது என்று பதில் வந்தது. கடுதாசியை எடுத்துக்கொண்டு, அதை அனுப்பியிருந்த வேங்கிக்கால் பக்கத்து அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்த அம்மா என் மனுவை எடுத்து, கடைசி வரியில் பேனாவை வைத்தார்.

"ஐயா, அவங்களுக்குச் சம்மதம்னா போதும்னு நீங்களேதான எழுதியிருக்கீங்க? நோட்டீஸ் விட்டோம். அவங்க முடியாதுன்னுட்டாங்க."

"மரியாதைக்கு எழுதினதும்மா அது."

"மரியாதையெல்லாம் கோயில்ல வச்சுக்குங்க. இங்க கேள்வி மட்டும் எழுதணும். அவ்வளவு உடம்பு முடியலைன்னா அத எழுத வேணாமா? இதுல வீட்டுக்காரம்மா பேச்சே இல்லையே."

உண்மைதான். அவள் நோயை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றுவானேன் என்று விட்டிருந்தேன்.

"உங்களுக்காவது தெரியுமாம்மா, அதுல என்னன்னு?"

அவர் பின்னால் திரும்பிப் பச்சைப் பீரோவைக் காட்டினார். "ஒட்டின கவர்ல குடுத்திருக்காங்க. அதுல கிடக்குது. இதே வேலைக்கு நாலு கம்பெனி போட்டி போடுது, விஷயம் வெளிய போச்சுன்னா எங்க மேல கேஸ் போடுவாங்க. நான் பிரிச்சா என் வேலை போயிடும்ங்க." பிறகு குரலை இறக்கி, "மேல்முறையீடு போடுங்க. அந்த வரி இல்லாம" என்றார்.

அந்தப் பீரோ நான் நின்ற இடத்திலிருந்து நாலடிகூட இருக்காது. என் மனைவி மூச்சில் எதை இழுக்கிறாள் என்பது அதற்குள் இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு இருமலோடு சிரிப்பு வந்துவிட்டது. "சாமிகிட்ட கேக்கற மாதிரியே கம்பெனிகிட்டயும் கேட்டிருக்கீங்களே! சாமிக்காவது நம்ம மூஞ்சி தெரியும்."

மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். டாக்டர் சீட்டை நகல் எடுத்து வைத்தேன். அனுப்பிய ரசீதை சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன்.

அதற்குப் பதில் வருவதற்குள் பௌர்ணமி வந்துவிட்டது. முந்தின நாள் காலையில் லாரி வந்தது. எங்கள் வாசலை மட்டும் விட்டுவிடும்படி, குழாய் பிடித்திருந்தவரிடம் கெஞ்சினேன்.

"அடிச்சு முடிச்சதும் போட்டோ எடுத்து அனுப்பணும், ஒரு வீட்ட விட்டா அதுல தெரியும்ண்ணா. எனக்கும் அடிச்சா தலைவலிதான். என்ன கலக்குறாங்கனு நீ கேட்டுச் சொல்லேன், நானும் தெரிஞ்சுக்கறேன்."

உள்ளே ஓடிக் கதவு இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன். மலை தெரியும் ஜன்னல் ஒன்றுதான் பாக்கி. இந்த மாதமும் சுற்ற முடியாது என்று, அவள் அதன் முன்னால் உட்கார்ந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சாத்திடுங்க" என்றாள், கூப்பிய கையை எடுக்காமல்.

சாத்தினேன். அப்படியும் உள்ளே தாழம்பூ மணந்தது.